குட்டி யானை வாங்கலாமா? சரக்கு வண்டித் தொழில் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய சரக்கு வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டுவது பற்றிப் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, மக்கள் வாயில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்றது முதல், சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் ஓட்டுநர்களின் மனத்தில் முதலில் தோன்றுவது இந்த வகை வண்டிதான். அசோக் லேலண்டின் தோஸ்த், மகிந்திராவின் பொலேரோ பிக்கப், டாடாவின் இன்ட்ரா என்று இன்று தேர்வுகள் பெருகியிருந்தாலும், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு மாறவில்லை. ஆகவே கணக்கைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் பனியன் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேமிப்பு உள்ளது. மீதிக்குக் கடன் வாங்கி ஏஸ் வண்டி எடுத்தால் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் வாடகை வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாதம் எவ்வளவு மிஞ்சும்?
*வாசகர், திருப்பூர்*

உங்கள் நண்பர்கள் சொல்வது வாடகைக் கணக்கு. நீங்கள் கேட்பது வருமானக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் செலவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து இடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தரை லட்சம் ரூபாய்க் கடனை 12 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாத டியூ ஏறத்தாழ 12,250 ரூபாய் வரும். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்தத் தொகை போய்க்கொண்டிருக்கும். ஆண்டுக் காப்பீட்டை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 2,500. வரி, எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று, புகைச் சான்று போன்றவற்றுக்கு ஆண்டு முழுவதற்குமான தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 750 ரூபாய் ஒதுக்குங்கள். ஆக, சாவியைத் திருப்பாமலேயே மாதம் 15,500 ரூபாய் செலவு.

அடுத்து ஓட்டச் செலவு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், ஊருக்குள் நின்று நின்று சரக்கோடு ஓடும்போது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைக்கும் என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 75 காசு டீசலுக்கே போய்விடும். டயர் தேய்மானம், ஆயில் மாற்றுதல், பிரேக், கிளட்ச், பட்டை (ஸ்பிரிங்) வேலை ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் தனியாக எடுத்துவைக்க வேண்டும். டயர் ஒரே நாளில் நான்கும் தேய்ந்து நிற்கும்போதுதான் இந்த ஒன்றரை ரூபாயின் அருமை தெரியும். மொத்தத்தில் கிலோமீட்டருக்கு ஏழே கால் ரூபாய்; மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் 14,500 ரூபாய். நிலையான செலவையும் சேர்த்தால் 30,000 ரூபாய். இன்னும் உங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாய் கூட எழுதவில்லை. இன்று நீங்கள் கம்பெனியில் வாங்கும் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வண்டி மாதம் 50,000 ரூபாய் ஈட்டினால்தான் இப்போதிருக்கும் நிலைக்கே வந்து சேருகிறீர்கள். இருபத்தைந்து வேலை நாட்கள் என்றால் நாளொன்றுக்கு 2,000 ரூபாய். நண்பர்கள் சொல்லும் 2,500 ரூபாய் எல்லா நாளும் கிடைத்தால், சம்பளத்துக்கு மேல் மாதம் 12,500 ரூபாய் நிற்கும். வாரத்தில் இரண்டு நாட்கள் ஸ்டாண்டிலேயே காத்துக்கிடந்தால், அந்த 12,500 ரூபாய் முழுவதும் மறைந்து, உங்கள் சம்பளத்திலும் கை வைக்கும்.

இந்தக் கணக்கில் நான் உங்களுக்கு முக்கியமாகக் காட்ட விரும்புவது காலி ஓட்டத்தைத்தான். மாதம் ஓடும் 2,000 கிலோமீட்டரில் சரக்கோடு ஓடுவது 1,000 கிலோமீட்டர் மட்டுமே என்றால், சரக்கு ஏற்றிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் 50 ரூபாய் வாங்கியாக வேண்டும். திரும்பும்போதும் லோடு கிடைத்து, சரக்கோடு ஓடும் தூரம் 1,500 கிலோமீட்டராக உயர்ந்தால், 33 ரூபாய் வாங்கினாலே போதும். அதாவது, அடுத்தவரைவிடக் குறைந்த வாடகை சொல்லியும் அவரைவிட அதிகம் சம்பாதிக்கலாம். வண்டியின் விலையிலோ மைலேஜிலோ கிடைக்கும் சிறு சிறு மிச்சங்களைவிட, ரிட்டன் லோடு கிடைக்கும் தடத்தைப் பிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த வகையில் திருப்பூர் உங்களுக்கு வாய்ப்பான ஊர். ஒரு பனியன் உருவாவதற்குள் நூல் நிட்டிங்குக்கும், துணி சாய ஆலைக்கும், அங்கிருந்து துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங், பிரின்டிங் அல்லது எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்றும் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் பயணம் செய்கிறது. இவை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் கம்பெனிகள் சில; ஜாப் வொர்க் கொடுத்து வாங்கும் கம்பெனிகளே பல. ஒவ்வொரு கட்டத்திலும் இடையில் ஒரு சிறிய வண்டி தேவைப்படுகிறது. நிட்டிங்கிலிருந்து சாய ஆலைக்குத் துணி கொண்டு போகும் வண்டி, அதே ஆலையில் இன்னொரு கம்பெனியின் சாயமிட்ட துணி காம்பாக்டிங்குக்குப் போக வேண்டியிருந்தால் அதை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். நீங்கள் கம்பெனி ஓட்டுநராக இருந்த காலத்தில் எந்த ஆலையில் எந்த நேரத்தில் துணி தயாராகும், எந்த சூப்பர்வைசர் எப்போது வண்டி தேடுவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றரை லட்சத்தைவிடப் பெரிய முதலீடு அதுதான்.

எனவே வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், மூன்று கம்பெனிகளிடமாவது போய், "வாரத்துக்கு எத்தனை நடை தருவீர்கள், என்றைக்குப் பணம் தருவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்திலும் சேர்த்து மாதத்தில் பாதி நாட்களுக்கு உறுதியான வேலை தெரிந்தால் வண்டி எடுங்கள். தெரியவில்லை என்றால், நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ வேறொருவர் வண்டியை எடுத்துச் சில மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். ஒன்றரை லட்சத்தையும் முன்பணமாகப் போட்டுவிடவும் வேண்டாம். குறைந்தது மூன்று மாத டியூவும் ஒரு பெரிய பழுதுக்கான பணமும் வங்கியில் இருக்கட்டும். அதனால் கடன் தொகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

துணி ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. துணி உருளைகள் எடையில் குறைவு, இடத்தில் அதிகம். ஆகவே உங்களுக்குத் தேவை எடை தாங்கும் வண்டியைவிட, நீளமான தளமும் மழைக்கு ஒழுகாத மூடிய பாடியும்தான். வெள்ளைத் துணியில் ஒரு கிரீஸ் கறை பட்டால், அந்த நடையின் வாடகையைவிடப் பெரிய தொகையைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். பாடியை மாற்றிக் கட்டினால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், மூடிய பாடியின் எடை உங்கள் ஏற்றும் திறனிலிருந்து கழிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவர் இரண்டு கம்பெனிகளுக்கு லோடு ஓட்டுகிறார். வேலை நிறைய இருக்கிறது. பணம்தான் மூன்று மாதம், நான்கு மாதம் என்று இழுக்கிறது. டியூ கட்டக் கைமாற்று வாங்குகிறோம். கேட்டால் அடுத்த மாதம் வண்டியை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் கல்லூரி படித்தவள். இதில் என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
*வாசகி, ஈரோடு*

முடியும். இந்தக் குடும்பத் தொழிலில் கணக்குப் பிரிவை நீங்கள் ஏற்றுக்கொள்வதே முதல் வேலை.

உங்கள் கணவரின் தொழிலை குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சேவைத் தொழில்களும் இதில் வரும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் ஒன்றிடம் சேவை பெற்றவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கும் மேலாக, 2023-24 நிதியாண்டுக்கான வரிக் கணக்கிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி வந்துவிட்டது: குறு, சிறு தொழில்களுக்குரிய பணத்தை இந்தக் காலத்துக்குள் கொடுக்காத கம்பெனி, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. உத்யம் எண்ணை அச்சிட்ட பில்லை, மாதம் இரண்டு முறை, நடைவாரியாகத் தேதி, டி.சி. (டெலிவரி சலான்) எண், ஏற்றிய இடம், இறக்கிய இடம் ஆகியவற்றோடு கம்பெனியின் கணக்காளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மார்ச் மாதம் நெருங்கும்போது அந்தக் கணக்காளரே முதலாளியிடம் உங்கள் பில்லை எடுத்துச் செல்வார். வாய்ச்சொல்லாகக் கேட்கும் பணம் தள்ளிப்போகும். தேதியிட்ட பில் அவர்களுடைய தணிக்கையாளரின் கண்ணில் படும். எல்லாம் செய்தும் பணம் வரவில்லை என்றால், குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றத்தில் இணையவழியாகவே மனுச் செய்யலாம். அந்த நிலைக்குப் போவதற்கு முன், அந்தக் கம்பெனியின் வேலை உங்களுக்குத் தேவைதானா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நான்கு மாதம் பணத்தை வைத்திருப்பவருக்கு உங்கள் டீசலில் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கம்பெனிகள் வாடகையில் டி.டி.எஸ். எனும் வருமான வரிப் பிடித்தம் செய்தால், பத்து அல்லது அதற்குக் குறைவான சரக்கு வண்டிகள் வைத்திருப்பவர் தம் பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பிடிக்க வேண்டியதில்லை. அதே பத்து வண்டி வரம்புக்குள் இருப்பவர்களுக்கு உத்தேச வருமான முறை என்ற வசதியும் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 44ஏஇ பிரிவு. கனரக வண்டி அல்லாத ஒரு சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டி, விரிவான கணக்குப் புத்தகங்கள் இல்லாமலேயே வரித் தாக்கல் செய்யலாம். வரித் தாக்கல் செய்து வந்தால் அடுத்த வண்டிக்கு வங்கிக் கடன் கேட்கும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்கும். அரசுக்குக் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்றாலும், உங்களுக்கு ஒன்று வேண்டும்: நாள்தோறும் ஓடிய கிலோமீட்டர், அதில் சரக்கோடு ஓடியது, டீசல், வரவு, பாக்கி என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு. வண்டியின் வரவுக்கென்று தனி வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் கார் ஓட்டும் உரிமம் மட்டுமே இருக்கிறது. சரக்கு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டும் என்கிறார்கள். பெர்மிட்டும் வேண்டுமா?
*வாசகர், திருநெல்வேலி*

இலகு ரக மோட்டார் வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனங்களை பேட்ஜ் போன்ற தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் அதை மறுபரிசீலனை செய்யக் கோரியபோது, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதே நிலையை உறுதி செய்தது. ஆகவே ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளுக்கு உங்கள் உரிமம் போதும்.

பெர்மிட்டைப் பொறுத்தவரை, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஒரே பெயரில் வரும் வண்டிகளிலும் ஒரு மாடல் இந்த வரம்புக்குள்ளும் இன்னொன்று அதற்கு மேலும் இருக்கக்கூடும் என்பதால், ஷோரூமில் சொல்வதை விட்டு ஆர்.சி.யில் அச்சாகும் எடையைப் பாருங்கள். மஞ்சள் பலகையும் எஃப்.சி.யும் எல்லா வாடகை வண்டிகளுக்கும் கட்டாயம். புது வண்டிக்கு இரண்டு ஆண்டுகள், பிறகு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியில் வாடகைக்கு லோடு ஏற்றுகிறவர்களைப் பார்த்து அதுவும் ஒரு வழி என்று எண்ண வேண்டாம். தனியார் பயன்பாட்டுக் காப்பீடு வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுகிறேன். வியாபாரிகள் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றச் சொல்கிறார்கள். முகூர்த்த நாட்களில் ஆட்களை ஏற்றிவரவும் கேட்கிறார்கள். மறுத்தால் வாடிக்கை போய்விடும். மேலும், தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?
*வாசகர், மேலூர்*

ஆட்களை ஏற்றாதீர்கள். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ, வண்டியின் இருக்கை அனுமதிக்கும் அளவுக்குள், வரலாம். அவர்களுக்குக் காப்பீடு உண்டு. பின்னால் தளத்தில் உட்கார்ந்து வரும் கல்யாணக் கூட்டத்துக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தால் போகும் உயிர்களுக்கு முன் எந்த வாடிக்கையும் பெரிதில்லை. அதற்கான இழப்பீட்டை வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் உங்களால் கட்ட முடியாது.

அளவுக்கு மேல் ஏற்றினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும், கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உண்டு. அபராதம் கட்டாமல் தப்பினாலும் பட்டை, டயர், பிரேக் மூன்றும் அந்தப் பணத்தை உங்களிடமிருந்து மெல்ல வாங்கிக்கொள்ளும். வியாபாரியிடம் "ஏற்ற முடியாது" என்று சொல்வதைவிட, "இரண்டு நடையாகப் போகலாம், இரண்டாவது நடைக்கு இவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் கொடுப்பது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் வெயிட்டிங் சார்ஜ் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். சந்தை வாடகையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் தேர்டு பார்ட்டி காப்பீடு, கடன் உள்ள வண்டிக்குப் போதாது; கடன் கொடுத்தவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட தேர்டு பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதற்கு மேல் சொந்தச் சேதத்துக்குச் சேர்த்துக் கட்டும்போது, ஐ.எம்.டி. 23 என்ற இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயின்ட் போன்றவற்றின் சேதத்துக்குச் சரக்கு வண்டிக் காப்பீட்டில் பணம் வராது. சந்து பொந்துகளில் ஓடும் வண்டிக்கு அடிக்கடி அடிபடுவது இவைதான். சம்பள ஓட்டுநர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்புக் காப்பீட்டையும், நீங்களே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய்க்கான உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டையும் பாலிசியில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு உதிரிபாகங்கள் ஏற்றிச் செல்கிறேன். ஒரு வண்டிக்காரன் ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? இ-வே பில் யார் போட வேண்டும்?
*வாசகர், ஓசூர்*

கன்சைன்மென்ட் நோட் எனப்படும் சரக்குச் சீட்டு கொடுத்துத் தொழில் செய்யும் டிரான்ஸ்போர்ட் ஏஜென்சிக்கும், கூரியர் நிறுவனத்துக்கும் ஜி.எஸ்.டி. வரும். அந்தச் சீட்டுக் கொடுக்காமல் வண்டியை மட்டும் ஓட்டிச் சரக்குக் கொண்டு செல்லும் சேவைக்குப் பொதுவாக விலக்கு உண்டு. சரக்கு கொண்டு செல்வதற்கான மின்னணுச் சீட்டாகிய இ-வே பில்லைப் பொதுவாகச் சரக்கை அனுப்புகிறவரோ பெறுகிறவரோ போடுவார். வண்டி எண்ணைச் சரியாகக் கொடுப்பதும், பில் எண் இல்லாமல் வண்டியை எடுக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலே இது வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் போகும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம் ரூபாய் என்பதால், உள்ளூர்ப் பழக்கத்தில் பெங்களூர் நடைக்கும் கவனக்குறைவாகப் போய்விடாதீர்கள். பிடிபட்டால் சரக்கோடு வண்டியும் நிற்கும். நிற்கும் நாட்களுக்கு யாரும் வாடகை தருவதில்லை.

சுங்கச் சாவடிக்கென 2025 ஆகஸ்டில் வந்த 3,000 ரூபாய் ஆண்டு பாஸ் சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே. மஞ்சள் பலகை வண்டிக்குக் கிடையாது. ஆகையால் சுங்கக் கட்டணத்தை வாடகைக்கு மேல் தனியாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி: செயலி மூலம் லோடு எடுத்து ஓட்டினால் வாடிக்கையாளரைத் தேட வேண்டியதில்லையே? அதை மட்டுமே நம்பி வண்டி வாங்கலாமா?
*வாசகர், சென்னை, அம்பத்தூர்*

அதை மட்டுமே நம்பி வாங்க வேண்டாம். புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்குச் செயலி ஒரு நல்ல தொடக்கம்: ஊர் பழகும், எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் சரக்கு கிளம்புகிறது என்று தெரியும், பணமும் உடனுக்குடன் கிடைக்கும். ஆனால் விலையை நீங்கள் வைப்பதில்லை. கமிஷனும் ஊக்கத்தொகையும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். திரையில் தெரியும் தொகையை, ஏற்றும் இடத்திலிருந்து இறக்கும் இடம் வரையுள்ள தூரத்தால் மட்டும் பலர் வகுத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றும் இடத்துக்குப் போகும் காலித் தூரத்தையும், இறக்கிய இடத்திலிருந்து அடுத்த லோடு தேடி வரும் தூரத்தையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். திருப்பூர் வாசகருக்கு நான் சொன்ன கணக்கை இங்கேயும் போட்டால், எந்த அழைப்பை ஏற்பது, எதை விடுவது என்று தெளிவாகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை உங்கள் வாசலிலேயே இருக்கிறது. பகலில் இரண்டு பட்டறைகளின் நிரந்தர நடையும், இடையில் கிடைக்கும் நேரத்தில் செயலியின் லோடும் என்று கலந்து ஓட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும், இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கும் தமிழக அரசின் தொழிலாளர் துறையில் நல வாரியங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துவதில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. "கடன் என் பெயரிலேயே இருக்கட்டும், மீதி டியூவை நீ கட்டிக்கொண்டு ஓட்டு" என்கிறார் உரிமையாளர். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதுமா?
*வாசகர், விழுப்புரம்*

போதாது. ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் அவர்தான். விபத்தில் பொறுப்பும் பதிவு பெற்ற உரிமையாளர் மீதே விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த ஏற்பாட்டில் அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. நீங்கள் கட்டிய டியூவுக்கு உங்களிடம் எந்த உரிமையும் இராது. வேறு கடனுக்காக அவருடைய சொத்து முடக்கப்பட்டால் வண்டியும் போகும்.

நிதி நிறுவனத்துக்கு இருவரும் சேர்ந்து போய், மீதிக் கடனைத் தீர்த்து, தடையில்லாச் சான்றும் கடன் நீங்கியதைக் காட்டும் படிவம் 35-உம் வாங்கி, படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் செய்யுங்கள். பணம் போதவில்லை என்றால் உங்கள் பெயரிலேயே புதுக் கடனுக்கு அதே நிறுவனத்தில் கேட்கலாம். முத்ரா திட்டத்தில் சரக்கு வண்டிகளுக்கும் கடன் உண்டு. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்துவிட வேண்டும். விலை பேசுவதற்கு முன்பே மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் நிலுவை அபராதம், எஃப்.சி. தேதி, வரி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். வண்டியைச் சரக்கோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்காமல் இன்ஜினைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கேள்வி: ஆயுத பூஜைக்குள் வண்டி எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது சரியான நேரமா?
*வாசகர், பல்லடம்*

பூஜை நாளில் எடுப்பது உங்கள் விருப்பம். வரவுக் கணக்கை மட்டும் அந்த மாதத்தை வைத்துப் போட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உள்நாட்டு விற்பனைக்கான ஆடைகள் இரவு பகலாக நகரும். வண்டி கிடைக்காமல் கம்பெனிகளே தேடி வரும். பண்டிகை முடிந்ததும் தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் போய்விட, யூனிட்டுகள் பல நாட்கள் பூட்டிக் கிடக்கும். முதல் டியூவோ இரண்டாவது டியூவோ அந்த மந்தமான நாட்களில்தான் வந்து நிற்கும். வீடு மாற்றும் வாடகையும் அப்படித்தான்: தையிலும் ஆவணியிலும் அழைப்புகள் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக யாரும் வீடு மாறுவதில்லை. ஆகவே தீபாவளிக்கு முன் எடுத்தால், அந்த வாரங்களில் வரும் மிகுதியை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் டிசம்பர், ஜனவரி டியூக்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். தள்ளிப்போட முடியும் என்றால் தை பிறந்தபின் எடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் எந்தக் கம்பெனி மந்தமான காலத்திலும் வண்டி அனுப்புகிறது என்று சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.